காட்மன் கட்டி



எலும்பில் தோன்றும் கட்டிகளைக் குறித்து இச்சபையில் பேசவேண்டும் என்று நண்பர்கள் பணித்தபோது, அவ்வளவு விரிந்த பொருளை ஒரு மாலைப் பொழுதுக்குள் அடக்க முயல்வதைக் காட்டிலும், அவற்றுள் அபூர்வமான ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எங்கே தோன்றுகிறது, யாருக்கு வருகிறது, மருத்துவ உலகம் அதை எவ்வாறு இனங்கண்டது, இன்று அதற்கு என்ன சிகிச்சை செய்கிறோம் என்பவற்றை நிதானமாகச் சொல்வதே பயன் தரும் என்று எனக்குத் தோன்றிற்று. அதன் பெயர் காண்ட்ரோபிளாஸ்டோமா. குருத்தெலும்பை உண்டாக்கும் இளம் உயிரணுக்களிலிருந்து பிறக்கும் இக்கட்டி புற்று வகையைச் சேர்ந்ததன்று. எலும்பிலேயே தோன்றும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, இவ்வினத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். இத்தனை அபூர்வமான வியாதியைப் பற்றிப் பொதுமக்கள் அறிந்து ஆகப்போவது என்ன என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளையே இது பெரும்பாலும் பற்றுகிறது. வேறு நோய்களின் வேஷத்தில் வந்து வீட்டாரையும் வைத்தியரையும் மாதக்கணக்கில் ஏமாற்றுகிறது. இதைச் சரியாக இனங்காணாத காலத்தில் காப்பாற்றத்தக்க கைகால்கள் பறிபோகக்கூடிய அபாயமும் இருந்தது. இந்த மூன்று காரணங்களும் போதுமென்று நினைக்கிறேன்.

முதலில் இக்கட்டி வாசம் செய்யும் இடத்தைப் பார்ப்போம். தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு, மேல்கை எலும்பு போன்ற நீண்ட எலும்புகள் வளரும் பருவத்தில் ஒரே துண்டாக இருப்பதில்லை. நடுவே நீண்ட தண்டும், மூட்டை ஒட்டி ஒரு முனைத் துண்டும், இரண்டுக்கும் இடையில் குருத்தெலும்பாலான மெல்லிய வளர்ச்சித் தட்டும் அமைந்திருக்கின்றன. பிள்ளை உயரமாக வளர்வது இந்தத் தட்டினால்தான். வளர்ச்சி முற்றுப்பெறும் வயதில் தட்டு எலும்பாகி மறைந்து, முனையும் தண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எலும்பில் வரும் கட்டிகளுள் பெரும்பாலானவை தண்டையோ, தட்டுக்கு அண்மையிலுள்ள தண்டின் அகன்ற பகுதியையோ நாடுபவை. முனைத் துண்டுக்குள் புகுந்து குடியிருப்பவை மிகச் சிலவே. அச்சிலவற்றுள், தட்டு இன்னும் மூடாத வயதில் முதலில் நினைக்க வேண்டிய கட்டி காண்ட்ரோபிளாஸ்டோமா. பத்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்களிடமே இது மிகுதி. பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. முழங்காலின் மேலும் கீழும் உள்ள முனைகள், தோளிலுள்ள மேல்கை எலும்பின் தலை, தொடை எலும்பின் மேல்முனை, கணுக்கால் எலும்பு, குதிகால் எலும்பு ஆகியவை இதன் வழக்கமான ஸ்தானங்கள்.

குருத்தெலும்பு சார்ந்த தீங்கற்ற கட்டிகள் வேறும் உண்டு. எலும்பின் புறத்தே குருத்துத் தொப்பியுடன் முளைத்து நிற்கும் ஆஸ்டியோகாண்ட்ரோமா அவற்றுள் மிகச் சாதாரணமானது. பலருக்கு வலிகூட இராது. கைவிரல் எலும்புகளுக்குள் தோன்றும் என்காண்ட்ரோமா மற்றொன்று. விரல் எதிலாவது இடித்து எலும்பு முறிந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே அநேகருக்கு அது இருந்த சங்கதி தெரியவரும். இவற்றைப் பற்றி வேறொரு சந்தர்ப்பத்தில் பேசலாம்.

காண்ட்ரோபிளாஸ்டோமா வலியோடு வருவது. பந்து விளையாடும் பையனுக்கு முழங்காலில் வலி தொடங்குகிறது. விளையாட்டில் சுளுக்கியிருக்கும் என்று வீட்டில் நினைக்கிறார்கள்; எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறார்கள்; சில நாட்கள் குறைந்தது போலத் தோன்றி மறுபடியும் வலிக்கிறது. மூட்டில் நீர் கோத்துக்கொள்ளலாம். மடக்கி நீட்டுவது கடினமாகலாம். தொடைத்தசை மெலிந்து பையன் நொண்டி நடக்கலாம். கட்டி மூட்டுக்கு அவ்வளவு அருகில் இருப்பதால் மூட்டுவாதம் என்றே கருதி மருந்து கொடுப்பாரும் உண்டு. நமது தேசத்தில் மூட்டைப் பற்றும் க்ஷயரோகம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதுவும் எலும்பின் முனையை அரித்து மூட்டில் நீர் கோக்கச் செய்வதாகையால், இவ்விரண்டையும் பிரித்தறியாமல் க்ஷய மருந்தைத் தொடங்கிவிடும் அபாயம் இங்கே மேல்நாடுகளைவிட அதிகம். ஓய்வெடுத்தும் தீராமல், இரவிலும் துன்புறுத்தி, சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மூட்டுவலி வளரும் பிள்ளைக்கு வந்தால், நீவுவதை நிறுத்திவிட்டு ஓர் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். செலவு சொற்பம், கிடைக்கும் தகவலோ பெரிது.

அந்தப் படத்தில் முனைத் துண்டுக்குள் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ கறுத்த ஒரு பள்ளம் தெரியும். அதன் ஓரம் மெல்லிய வெண்கோடாக வரையறுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் சில சென்டிமீட்டர் அகலமே இருக்கும். சிலரிடம் உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் காணப்படும். சிலரிடம் சாதாரணப் படத்தில் தென்படாதவை சி.டி. படத்தில் தென்படும். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. சிறிய கட்டியே ஆயினும் அதைச் சுற்றிலும் எலும்பு மஜ்ஜையில் பெரிய வீக்கம் படர்ந்து காட்டுவது இதன் இயல்பு. அந்த வீக்கத்தைக் கட்டியின் அளவாக எண்ணிப் புற்று என்று பயந்துவிடக் கூடாது. கூடவே எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைப் படிக்கவேண்டும்.

இந்த அடையாளங்களையெல்லாம் இன்று ஒரு மாணவன் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிடுகிறான். அந்தப் பக்கம் எழுதப்பட்ட விதம் மிகவும் ருசிகரமானது. அதற்கு நாம் சுமார் நூறாண்டுகளுக்கு முன்னிருந்த அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் போகவேண்டும்.

அந்நகரில் 1869ஆம் ஆண்டு பிறந்த எர்னஸ்ட் அமோரி காட்மன் என்பவர் ஹார்வர்டில் மருத்துவம் பயின்று, புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரண சிகிச்சை நிபுணராகப் பணிபுரிந்தவர். மாணவராயிருந்த காலத்திலேயே, பிற்காலத்தில் மூளை அறுவைச் சிகிச்சையில் பெரும்பெயர் பெற்ற ஹார்வி குஷிங்கோடு சேர்ந்து, மயக்கமருந்து கொடுக்கும்போது நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் குறித்து வைக்கும் அட்டவணை முறையை ஏற்படுத்தினார். குறித்து வைக்கும் இந்தப் பழக்கமே அவர் வாழ்க்கையின் நிதியும் ஆயிற்று, வினையும் ஆயிற்று. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு எழுதவேண்டும். வந்தபோது இருந்த நிலை, செய்த சிகிச்சை, வெளியேறிய நிலை ஆகியவற்றை அதில் பதியவேண்டும். ஓராண்டு சென்றபின் அவரை மீண்டும் வரவழைத்து, சிகிச்சை பலித்ததா, பலிக்கவில்லையென்றால் குற்றம் யாருடையது என்பதை எழுதவேண்டும். அதை ஊரறிய அச்சிடவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. மருத்துவமனையின் பெரியவர்களுக்கு இது ருசிக்கவில்லை. பதவி உயர்வை வயது வரிசைப்படி கொடுக்காமல் பலனைப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று வாதாடி, பயனில்லாமற்போகவே, 1914இல் அவர் அங்கிருந்து விலகினார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த ஒரு மருத்துவர் கூட்டத்தில், மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டை இடும் ஒரு நெருப்புக்கோழியாக நகரத்துச் செல்வர்களையும், அம்முட்டைகளைப் பொறுக்கும் கூட்டமாகத் தம் சக வைத்தியர்களையும் சித்திரித்த ஒரு பெரிய கேலிப்படத்தைத் திரைவிலக்கிக் காட்டினார். அதன் விளைவை நீங்களே ஊகிக்கலாம். நண்பர் பலரை இழந்தார். ஹார்வர்டில் வகித்த போதனைப் பதவியும் போயிற்று.

ஆனால் பிறரைக் கேட்டதைத் தாமே செய்து காட்டும் நேர்மை அவரிடம் இருந்தது. சொந்தமாக நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்று வெளியேறிய 337 பேருடைய வரலாறுகளை அச்சிட்டு, அவற்றில் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட மனிதரை அவர் காலத்தவர் கிறுக்கர் என்று நினைத்ததில் வியப்பில்லை. இன்றைக்கும் நம் மருத்துவமனைகளில் எத்தனை, இத்தகைய கணக்கை வெளியிட முன்வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

1920ஆம் ஆண்டு வாக்கில், எலும்பில் சார்க்கோமா என்னும் புற்று கண்ட ஒரு நோயாளியின் பொருட்டு ஆலோசனை கூற நேர்ந்தபோது, அந்த வியாதியைப் பற்றி எவருக்குமே நிச்சயமான ஞானம் இல்லை என்பதைக் காட்மன் கண்டார். ஒரு நிபுணர் சார்க்கோமா என்பதை இன்னொருவர் வேறு பெயரால் அழைத்தார். அங்கத்தைக் களைந்தபின் பிழைத்தவர்கள் உண்மையில் புற்றிலிருந்து பிழைத்தவர்களா, அல்லது புற்றே இல்லாமல் அங்கத்தை இழந்தவர்களா என்று சொல்வாரில்லை. ஆகவே நாடெங்குமுள்ள ரண சிகிச்சை நிபுணர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் கண்ட எலும்புக் கட்டிகளின் படங்களையும், கண்ணாடிச் சில்லுகளில் பதித்த திசுக்களையும், நோயாளிகள் பின்னர் என்ன ஆனார்கள் என்ற செய்தியையும் ஒரே இடத்தில் திரட்டத் தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் யூயிங்கும், பால்ட்டிமோரைச் சேர்ந்த ஜோசப் பிளட்குட்டும் அவருடன் சேர்ந்துகொண்டார்கள். பேரணுக்கள் என்னும் மிகப் பெரிய உயிரணுக்கள் நிறைந்த எலும்புக் கட்டிகளுக்கெல்லாம் கைகாலை வெட்டியெறிய வேண்டுவதில்லை, சுரண்டி எடுத்தாலே போதும் என்று அதற்கு முன்பிருந்தே வாதாடி வந்தவர் பிளட்குட். இவ்வாறு பிறந்த எலும்பு சார்க்கோமாப் பதிவேட்டைப் பின்னர் அமெரிக்க ரண சிகிச்சையாளர் கல்லூரி தன் ஆதரவில் ஏற்றுக்கொண்டது.

இந்தப் பதிவேட்டில் குவிந்தவற்றைப் புரட்டுகையில்தான், மேல்கை எலும்பின் தலையில் இளைஞர்களுக்கு வரும் ஒரு வினோதமான கட்டி காட்மனின் கண்ணில் பட்டது. பேரணுக் கட்டிபோல் தோன்றினும் அதில் குருத்தெலும்பும் சுண்ணாம்பும் கலந்திருந்தன. தோள் அவருக்கு மிகவும் பிரியமான ஆராய்ச்சிக் களம். அதைப் பற்றிய பெரிய நூலொன்றை 1934இல் வெளியிட்டவர் அவர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1931இல், இக்கட்டியைத் தனியாக விவரித்து, பேரணுக் கட்டியின் குருத்தெலும்பு சார்ந்த ஒரு வகை என்று எழுதினார். காட்மன் கட்டி என்று பழைய வைத்தியர்கள் இன்னமும் சொல்வது இதையே.

காட்மனின் அபிப்பிராயம் முழுவதும் சரியன்று என்பதை 1942இல் நியூயார்க்கின் மூட்டு நோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்றி ஜாஃபி, லூயிஸ் லிக்டென்ஸ்டீன் என்ற இரு நோய்க்கூற்று அறிஞர்கள் நிறுவினார்கள். இக்கட்டியின் மூல உயிரணு குருத்தெலும்பை ஆக்கும் இளம் அணுவே. பேரணுக்கள் இடையிடையே வந்து கலந்தவைதாம். ஆகவே இது பேரணுக் கட்டியின் கிளையன்று, தனி இனம் என்பது அவர்கள் முடிவு. தீங்கற்ற காண்ட்ரோபிளாஸ்டோமா என்ற பெயரைச் சூட்டியவர்களும் அவர்களே. அதைக் காணக் காட்மன் உயிருடன் இல்லை, 1940இல் காலமாகிவிட்டார். கடைசிக் காலத்தில் செல்வம் அதிகம் மிஞ்சாத அவருடைய சமாதிக்கு 2014ஆம் ஆண்டில்தான் பெயர் பொறித்த கல் நாட்டினார்கள்.

இருபிரிவாருள் யார் சொன்னது உண்மை என்ற கேள்விக்கு மரபணு ஆராய்ச்சி 2013இல் ஒரு விநோதமான விடையைக் கொடுத்தது. உயிரணுவினுள் டி.என்.ஏ. இழையைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன் என்னும் புரதத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், அதாவது முப்பத்தாறாவது ஸ்தானத்தில், லைசின் இருக்கவேண்டிய இடத்தில் மெத்தியோனின் வந்து அமர்ந்திருப்பதை, ஆராயப்பட்ட காண்ட்ரோபிளாஸ்டோமாக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் கண்டார்கள். பேரணுக் கட்டிகளிலும் மிகப் பெரும்பான்மையில் ஹிஸ்டோனிலேயே மாறுதல் இருந்தது. ஆனால் அது வேறோர் ஸ்தானத்தில், பெரும்பாலும் உடன்பிறந்த வேறொரு மரபணுவில். ஜாஃபியும் லிக்டென்ஸ்டீனும் சொன்னபடி இரண்டும் வெவ்வேறே. காட்மன் சந்தேகித்தபடி இரண்டுக்கும் உறவும் இருக்கத்தான் செய்கிறது. எலும்புக் கட்டிகளைப் பற்றிய விவாதங்களில் இரு தரப்புக்கும் இவ்வளவு அழகாக மரியாதை செய்த தீர்ப்பு வேறொன்றை நான் அறியேன். இதில் நடைமுறைப் பயனும் உண்டு: அந்த மாறுதலைக் காட்டும் சாயமொன்று இன்று சோதனைக்கூடங்களில் கிடைக்கிறது, சந்தேகமான திசுவில் அது பற்றிக்கொண்டால் காண்ட்ரோபிளாஸ்டோமா என்று உறுதி செய்யலாம்.

திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் சிகிச்சையை நிர்ணயிப்பது தவறு. உருண்டையான உயிரணுக்கள், நடுவே பிளவுக் கோடு விழுந்த உட்கரு, ஆங்காங்கே பேரணுக்கள், இளஞ்சிவப்பான குருத்துப் பொருள், நோய்க்கூற்று மருத்துவர்கள் கம்பிவலைச் சுண்ணாம்பு என்று குறிப்பிடும் படிவு ஆகியவற்றைக் கண்டால் ஐயம் தீரும். கட்டியோடு இரத்தம் நிறைந்த குமிழறைகளும் சேர்ந்திருப்பது சிலரிடம் உண்டு. அப்போது இரத்தம் அதிகம் போகும் என்று ரண சிகிச்சையாளர் முன்கூட்டியே ஆயத்தமாயிருப்பார். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்வேன்: திசுச் சோதனைக்கு ஊசி எந்த வழியாகப் போகவேண்டும் என்பதை, பின்னர் அறுவைச் சிகிச்சை செய்யப்போகிறவரே தீர்மானிக்கவேண்டும். ஒருவர் ஓர் இடத்தில் குத்தி எடுத்து, வேறொருவர் வேறிடத்தில் அறுக்க நேர்ந்தால் அது நோயாளிக்கு நல்லதன்று.

இனிச் சிகிச்சை. தீங்கற்ற கட்டிதானே, விட்டுவிடலாமே என்று கேட்கலாகாது. இது தானாக வற்றிப்போவதில்லை. மெல்ல வளர்ந்து, மூட்டின் வழவழப்பான பரப்பைத் தாங்கும் எலும்பை உள்ளிருந்து அரிக்கிறது. கடைசியில் அப்பரப்பே இடிந்து விழலாம். ஆகவே எடுக்கத்தான் வேண்டும். வழக்கமான முறை சுரண்டி எடுத்தல். எலும்பின் புறச்சுவரில் ஒரு ஜன்னல் திறந்து, உள்ளே உள்ள கட்டியை, இளநீர்க் காயில் வழுக்கையை வழித்தெடுப்பதுபோல் முழுவதும் வழித்தெடுக்கிறார்கள். ஜன்னல் சிறியதாக இருந்தால் மூலை முடுக்குகளில் கட்டி தங்கிவிடும். பெரியதாக இருந்தால் எலும்பு பலவீனமாகும். வழித்த பிறகு, அதிவேகமாகச் சுழலும் சிறு துருவும் கருவியால் சுவரை இன்னும் சிறிது துருவுகிறார்கள். மிஞ்சிய உயிரணுக்களை அழிக்க ஃபீனால் தடவுவோரும், திரவ நைட்ரஜனால் உறையவைப்போரும் உண்டு. உண்டான குழியை நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பாலோ, எலும்பு வங்கியிலிருந்து பெற்ற எலும்பாலோ, எலும்புக்குப் பதிலாகச் செய்யப்பட்ட பொருள்களாலோ நிரப்புகிறார்கள். எலும்பு சிமெண்டு இறுகும்போது எழும் வெப்பமும் மிச்ச அணுக்களைக் கொல்லும் என்பார்கள். ஆயினும் வளரும் பிள்ளையின் மூட்டுக்கு அடியில் அதை வைக்கத் தயங்குவோர் பலர்.

இங்கே ரண சிகிச்சையாளருக்கு ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. கட்டியின் ஒருபுறம் மூட்டின் குருத்துப் பரப்பு, மறுபுறம் வளர்ச்சித் தட்டு. இரண்டும் எளிதில் திரும்பப் பெறமுடியாதவை. மிகுந்த ஜாக்கிரதையோடு குறைவாகச் சுரண்டினால் கட்டி மீண்டும் வரும். துணிந்து அதிகம் சுரண்டினால் மூட்டு கெடும், அல்லது கால் குட்டையாகும். வளர்ச்சி முடியும் தறுவாயிலுள்ள பதினாறு வயதுப் பையனிடத்தில் தட்டைப் பற்றிய கவலை குறைவு. பதினொரு வயதுக் குழந்தையிடத்தில் அதுவே பெரிய கவலை. தொடை எலும்பின் தலையில் இருக்கும் கட்டி எல்லாவற்றிலும் கடினமானது. அந்தத் தலைக்குப் போகும் இரத்த நாளங்களைக் காயப்படுத்தாமல் உள்ளே புகுவதற்குத் தனித் திறமை வேண்டும். அங்கே கட்டி மீண்டும் வருவது மிகுதி என்பதற்கு, எட்டிச் சுரண்ட முடியாமையே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அண்மைக் காலத்தில் இன்னொரு வழியும் ஏற்பட்டிருக்கிறது. சி.டி. படத்தின் வழிகாட்டலில் ஓர் ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் அதைச் சுட்டுவிடுவது. பெரிய தழும்பில்லை; நோயாளி விரைவில் வீடு திரும்பலாம். சிறிய கட்டிகளுக்கு இது மிகவும் ஏற்றது. பெரிய கட்டிக்கு, அதுவும் உடல் எடையைத் தாங்கும் மூட்டுப் பரப்பின் நேர்கீழே உள்ளதற்கு, இதை எடுத்தாளும்போது பின்னர் பரப்பு இடிந்து போகுமோ என்ற அச்சம் இருக்கிறது; அவ்விடங்களில் சுரண்டி நிரப்புவதே விவேகம். கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. முற்காலத்தில் அதைப் பிரயோகித்ததுண்டு. அறுவைக்கு எட்டாத அபூர்வமான இடங்களைத் தவிர இன்று அதை நாடுவதில்லை. தீங்கற்ற கட்டியைத் தீர்க்கப்போய், பல்லாண்டு கழித்து அதே எலும்பில் சார்க்கோமாவை வரவழைத்துக்கொள்ள எந்த விவேகியும் சம்மதிக்கமாட்டான்.

அறுவை நன்றாக முடிந்தால் பெரும்பான்மையோர் குணமாகி, வலியின்றி நடமாடுகிறார்கள். ஆனால் வெளியான தொகுப்புகள் பலவற்றில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பேருக்குக் கட்டி மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். மீண்டும் வந்தாலும் அது புற்றாகிவிட்டது என்று பொருளில்லை. மறுபடி சுரண்டி எடுத்தால் பெரும்பாலோருக்குத் தீர்ந்துவிடுகிறது. மிக மிக அபூர்வமாக, நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மேற்படாமல், இக்கட்டியின் அணுக்கள் நுரையீரலில் போய்த் தங்கிச் சிறு முடிச்சுகளாக வளர்வதும் உண்டு. அவையும் மெதுவாக வளர்பவை, எடுத்துவிடக்கூடியவை. ஆயினும் அவை இருக்கின்றனவா என்று பார்ப்பவர் இருந்தால்தான் எடுக்க முடியும்.

இக்கட்டியின் சிகிச்சையை வளர்த்ததில் கத்தியைவிடக் கணக்கேட்டுக்கே பங்கு அதிகம் என்பது என் துணிபு. எந்த முறை நல்லது, எத்தனை பேருக்கு மறுபடி வருகிறது, எந்த மூட்டு எவ்வளவு காலம் தாங்குகிறது என்பவற்றையெல்லாம் நாம் அறிந்திருப்பது, எங்கெங்கோ இருந்த வைத்தியர்கள் தங்களிடம் வந்த ஓரிருவரை மறக்காமல் பல்லாண்டு பின்தொடர்ந்து எழுதிவைத்ததால்தான். ஓர் ஊரில் ஒரு வைத்தியர் ஆயுள் முழுவதும் சேர்த்தாலும் இக்கட்டியில் சில பேரைத்தான் காண்பார்.

ஆகவே, உங்களில் எவர் வீட்டுப் பிள்ளைக்கேனும் இவ்வியாதி வந்து சிகிச்சை முடிந்திருந்தால், வலி போய்விட்டதே என்று வைத்தியரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் வளர்ச்சி முடியும்வரை ஆண்டுக்கு ஒருமுறையும், மருத்துவர் சொல்கிறபடி படமெடுத்துப் பாருங்கள்; மார்பின் படத்தையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்கள், திசுச் சோதனைச் சீட்டு ஆகிய மூன்றையும் ஓர் உறையில் போட்டு வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ஊர் மாறினாலும் மருத்துவமனை மாறினாலும் அவற்றைக் கையோடு கொண்டு போங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், குழியில் தெரியும் நிழல் ஆறிய எலும்பா, திரும்பி வந்த கட்டியா என்று எப்பேர்ப்பட்ட நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.